பழைய தலைக்கவசமும் பழைய ஜெர்சியும்: அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்துச் சேகரிப்பு பற்றி அறிவோம்

அஞ்சல் தலை, பழைய நாணயம், பழைய கடிகாரம் என ஏதாவது ஒன்றைச் சேகரிப்பவர் நம்மில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். அமெரிக்காவில் அப்படிச் சேகரிக்கப்படும் பொருள்களில் கல்லூரிக் காற்பந்துக் குழுக்கள் ஒரு காலத்தில் அணிந்த தலைக்கவசங்களுக்கும் ஜெர்சிகளுக்கும் தனி இடம் உண்டு. ஏலங்கள் இணையம்வழி நடப்பதால் ஈப்போவிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டே இவற்றை வாங்க முடியும். விவரம் தெரியாவிட்டால் ஏமாறவும் முடியும்.

இத்துறையில் புதிதாக இறங்குவோர் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொருள் பழையதாக இருப்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. அதை யார் அணிந்தார், எந்த ஆண்டில், எந்தக் குழுவுக்காக அணிந்தார் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் பெரும்பகுதி கீறலாகவும் கறையாகவும் ஒட்டுத் தையலாகவும் அந்தப் பொருளின் மேலேயே இருக்கிறது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்கிறவர் தம் கையாலேயே அதன் மதிப்பைக் குறைத்துவிடுகிறார்.

எந்தக் காற்பந்து?

இங்கே சொல்லப்படுவது நாம் திடலில் ஆடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து. அதன் முதல் கல்லூரி ஆட்டமாகக் கருதப்படுவது, 1869 நவம்பர் 6-ஆம் தேதி நியூஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டம். ரட்கர்ஸ் 6-4 என வென்றது. அன்று சீருடை என எதுவும் இல்லை. ரட்கர்ஸ் மாணவர்கள் தங்களை அடையாளம் காட்டத் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டனர்.

தலையைக் காக்கும் எண்ணம் பிறகுதான் வந்தது. 1893-ஆம் ஆண்டு இராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடந்த ஆட்டத்தில் ஜோசப் மேசன் ரீவ்ஸ் எனும் கடற்படை மாணவர் தலையில் ஒரு காப்பு அணிந்து ஆடினார். தலையில் மேலும் ஓர் அடி பட்டால் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்ததால், அன்னபோலிஸ் நகரச் செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் சொல்லி அதைச் செய்து வாங்கினார் என்பார்கள். ரீவ்ஸ் பின்னாளில் அட்மிரலாகி, அமெரிக்கக் கடற்படைத் தொகுதிக்கே தலைமை தாங்கினார்.

ஆட்டம் அப்போது மிகவும் முரட்டுத்தனமாக இருந்தது. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் குறைந்தது 18 இளைஞர்கள் உயிரிழந்தனர். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. என்.சி.ஏ.ஏ. என இன்று அறியப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு மன்றம் உருவானதும் இந்தச் சூழலில்தான். அப்படியிருந்தும் தலைக்கவசம் கட்டாயமானது 1939-இல்தான். அதுவரை அணிவதும் அணியாததும் விளையாட்டாளரின் விருப்பம்.

தோல் தலைக்கவசங்கள்

1900-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட தலைக்கவசங்கள் பெரும்பாலும் தடித்த தோலால் ஆனவை. உள்ளே ஃபெல்ட் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். மேற்புறம் தட்டையாக உள்ளவை ஆரம்ப காலத்தவை. காதை மூடும் பகுதி தனியாகத் தொங்குவதை, நாயின் காது போல் இருப்பதால், ‘நாய்க்காது’ வகை என்கிறார்கள். முகத்தையும் சேர்த்து மூடுவதற்குத் ‘தூக்குப் போடுபவர் முகமூடி’ வகை என்று பெயர். இது மிக அரிது. நெற்றியில் இறக்கை போன்ற தோல் பட்டை தைத்தவை பெரும்பாலும் 1930-களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. இவற்றுடன், 1890-களில் புழங்கிய கடின ரப்பர் மூக்குக் காப்பும் தேடப்படும் பொருளாகும். அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

ஸ்பால்டிங், ரீச், ராலிங்ஸ், வில்சன், கோல்ட்ஸ்மித், டிரேப்பர் அண்ட் மேனார்ட் ஆகியவை அக்காலத்தில் பெயர் பெற்ற தயாரிப்பு நிறுவனங்கள். பெயரும் மாதிரி எண்ணும் தோலில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை நிறுவனங்களின் பழைய விலைப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டில் விற்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. அதே நிறுவனங்கள் சிறுவர்களுக்கான மலிவான தலைக்கவசங்களையும் ஏராளமாக விற்றன. இன்று சந்தைக்கு வரும் தோல் தலைக்கவசங்களில் பல அந்த வகைதான். சிறுவர் தலைக்கவசத்தின் தோல் மெல்லியது, உள்ளே துணிப்பட்டை குறைவு, அளவும் சிறியது. கல்லூரி அளவிலான ஆட்டத்துக்குச் செய்தது கையில் எடுத்தாலே கனக்கும். படத்தைப் பார்த்து வாங்குவோர் எடை, உட்சுற்றளவு, மாதிரி எண் மூன்றையும் கேட்டு வாங்கிய பிறகே விலை பேச வேண்டும்.

பிளாஸ்டிக் வந்த பிறகு

சிகாகோ வட்டாரத்தைச் சேர்ந்த ஜான் டி. ரிடெல் என்பவரின் நிறுவனம் 1939-இல் பிளாஸ்டிக் தலைக்கவசத்தை அறிமுகம் செய்தது. அதன் உள்ளே வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தலை ஓட்டைத் தொடாமல் தொங்கும்படி அமைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் அணிந்த எம்-1 இரும்புக் கவசத்தின் உள்தொப்பியிலும் இந்த முறை பயன்பட்டது.

ஆரம்பகாலப் பிளாஸ்டிக் ஓடுகள் மோதலில் உடைந்தன. தொழில்முறை லீக் 1948-இல் அவற்றைத் தடை செய்து, அடுத்த ஆண்டே தடையை நீக்கியது. இப்படி உடைந்து ஒழிந்ததால், முழுமையாக மிஞ்சிய 1940-களின் பிளாஸ்டிக் தலைக்கவசங்களுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது.

முகத்துக்கு முன்னால் ஒற்றைக் கம்பி பரவலானது 1950-களின் நடுப்பகுதியில். ஆகவே, 1940-ஆம் ஆண்டுத் தலைக்கவசம் என்று சொல்லி முகக்கம்பியோடு ஒன்று விற்பனைக்கு வந்தால், கம்பி பிறகு பூட்டப்பட்டதாக இருக்கலாம். அது பொய் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. கல்லூரிகள் ஒரே ஓட்டைப் பல ஆண்டுகள் பயன்படுத்தின. பருவம் முடிந்ததும் பழுது பார்த்து, மீண்டும் சாயம் பூசி, புதிய கம்பி பூட்டி அடுத்த மாணவருக்குக் கொடுத்தன. ஓர் ஓட்டில் மூன்று நான்கு அடுக்குச் சாயம் இருப்பது இயல்பு. மேல் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அந்த வரலாறு போய்விடும்.

தலைக்கவசங்களின் தரத்தை ஆராயும் நாக்ஸி எனும் அமைப்பு 1973-இல் தர விதிகளை வெளியிட்டது. 1978 முதல் கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தரம் கட்டாயமானது. ஆகவே, நாக்ஸி முத்திரை உள்ள ஓடு 1973-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடையாளச் சின்னங்கள்

கல்லூரித் தலைக்கவசங்களில் மிகப் புகழ் பெற்றது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘இறக்கை’ வடிவம். பயிற்றுநர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் பிரின்ஸ்டனில் இருந்தபோதே 1935-இல் இதைப் பயன்படுத்தினார். 1938-இல் மிச்சிகனுக்கு மாறியபோது அங்கும் கொண்டு சென்றார். தோல் தலைக்கவசத்தில் இந்த இறக்கை தனியாகத் தைத்த பட்டை. அதற்கு வேறு சாயம் பூசினால் பந்தை எறிபவர் தம் குழுவினரைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார் என்பது அவர் கணக்கு. பிளாஸ்டிக் வந்த பிறகு பட்டைக்கு வேலை இல்லை. ஆனால், அதே வடிவத்தைச் சாயத்தால் தீட்டி இன்றுவரை வைத்திருக்கிறார்கள்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 1968 முதல் திறமையாக ஆடியவர்களுக்குப் பக்காய் மர இலை வடிவ ஒட்டுப்படங்களை வழங்கித் தலைக்கவசத்தில் ஒட்டச் செய்தது. 1969-இல் கல்லூரிக் காற்பந்தின் நூற்றாண்டை ஒட்டிப் பல குழுக்கள் ‘100’ எனும் எண் பொறித்த ஒட்டுப்படத்தை அணிந்தன. இத்தகைய ஒட்டுப்படம் அசலாக இருந்தால் ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும். ஒட்டுப்படங்களைப் புதிதாக அச்சிட்டு ஒட்டுவது எளிது என்பதையும் மறக்கக் கூடாது. அசலின் ஓரம் சுருண்டிருக்கும், மேலே உள்ள கீறல் ஒட்டுப்படத்தையும் ஓட்டையும் சேர்த்தே கடந்து போகும்.

ஜெர்சி எப்படி மாறியது?

1800-களின் கடைசிப் பகுதியில் கித்தான் துணியால் தைத்து, முன்னால் கயிறு கோத்துக் கட்டும் மேற்சட்டையை அணிந்தனர். அதன் பிறகு கம்பளி ஜெர்சி வந்தது. 1920-களின் ஜெர்சிகளில் மார்பிலும் கையிலும் நீளமான பட்டைகள் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பந்து வழுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. பிறகு பருத்தி, ரேயான், நைலான் கலந்த துணிகள் வந்தன. 1970-களில் காற்றோட்டத்துக்காகச் சிறு துளைகள் கொண்ட வலைத்துணி பரவியது.

எண் அணிவது 1915-இல் பரிந்துரையாக மட்டுமே இருந்தது. முன்னும் பின்னும் எண் கட்டாயம் என்ற விதி 1937-இல் வந்தது. ஆகவே, 1920-களின் ஜெர்சி ஒன்றில் முதுகில் மட்டும் எண் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

எதிராளி பிடித்து இழுத்தால் கிழிந்து கையோடு போகும்படி மெல்லிய துணியில் செய்த ஜெர்சிகளும் 1960, 1970-களில் இருந்தன. ஓர் ஆட்டத்தில் ஒருவர் பல ஜெர்சிகளை மாற்றும் நிலை ஏற்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் விதிகள் இதற்கு முடிவு கட்டின. அவற்றில் முழுதாக மிஞ்சியதைவிட, ஆட்டத்தில் கிழிந்து அந்த ஆட்டத்தின் படத்தோடு பொருந்துவதையே சேகரிப்பாளர் விரும்புகிறார்.

லேபிள் சொல்லும் காலம்

கழுத்துப் பகுதியில் உள்ள சிறிய லேபிளைக் கவனமாகப் படித்தால் பல பொய்கள் அங்கேயே உடைந்துவிடும். அமெரிக்கச் சட்டங்கள் வந்த ஆண்டுகள் இதற்கு அளவுகோல்.

• கம்பளிப் பொருள் சட்டத்தின்படி பதிவு எண் இருந்தால் 1941-க்குப் பிந்தியது.
• வணிகப் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து இருந்தால் 1947-க்குப் பிந்தியது.
• துணியில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1960-க்குப் பிந்தியது.
• முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963-க்குப் பிந்தியது.
• எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1972-க்குப் பிந்தியது.

இந்த ஆண்டுகள் ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டுமே காட்டும். பழைய லேபிளை வேறு ஜெர்சியிலிருந்து பிரித்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளைச் சுற்றியுள்ள நூலைப் புற ஊதா விளக்கின் கீழ்ப் பார்ப்பது அதனால்தான். இன்றைய நூல்களிலும் சலவைத்தூள்களிலும் உள்ள வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். போருக்கு முந்திய நூல் அப்படிப் பளிச்சிடாது. ஆனால், பழைய ஜெர்சியை யாராவது அண்மையில் துவைத்திருந்தாலும் துணி முழுவதும் ஒளிரும். நூல் மட்டும் தனியாக ஒளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆட்டத்தில் அணிந்ததா?

விற்பவர்கள் பயன்படுத்தும் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘ஆட்டத்தில் அணிந்தது’ என்பது ஒன்று. ‘குழுவுக்கு வழங்கப்பட்டது’ என்பது வேறு. அதை யாரும் அணியாமலேயே இருந்திருக்கலாம். ‘மறுபதிப்பு’ என்பது பிற்காலத்தில் செய்த நகல். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்றால் பழைய ஓட்டுக்குப் புதுச் சாயமும் புதுப் பட்டையும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். நான்கிற்கும் விலை வெவ்வேறு. மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை.

உண்மையில் அணிந்த தலைக்கவசத்தில் கீறல்கள் பல திசைகளில், பல ஆழங்களில் இருக்கும். எதிர்க்குழுவின் சாயம் ஆங்காங்கே ஒட்டியிருக்கும். நெற்றிப் பட்டையில் வியர்வை ஊறியிருக்கும். உள்ளே மாணவரின் பெயரோ எண்ணோ மையால் எழுதப்பட்டிருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்து உண்டாக்கிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த ஜெர்சி உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். இயல்பாகப் பழையதானது அக்குளிலும் கழுத்திலும்தான் முதலில் நிறம் மாறும்.

ஆகச் சிறந்த சான்று புகைப்படம். ஆண்டு மலர்களிலும் நாளேடுகளிலும் வந்த ஆட்டப் படங்களில் எண் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்தக் கீறல் எங்கே இருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் பழைய ஆண்டு மலர்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1990-களின் கடைசியில் ‘ஆபரேஷன் புல்பென்’ எனும் பெயரில் நடத்திய விசாரணையில் போலிக் கையெழுத்துகளோடு போலிச் சான்றிதழ்களும் பிடிபட்டன. சான்றிதழின் மதிப்பு அதைக் கொடுத்தவரின் நாணயத்தைப் பொறுத்தது.

யாருக்குச் சொந்தம்?

கல்லூரி ஜெர்சி மாணவருக்குச் சொந்தமல்ல. அது கல்லூரியின் உடைமை. அக்காலத்தில் ஆட்டத்துக்கு ஆகாதவை பயிற்சிக்குப் போயின. அதற்கும் ஆகாதவை பக்கத்துப் பள்ளிகளுக்குப் போயின. அங்கே பழைய எண்ணைப் பிரித்துவிட்டுப் புது எண்ணைத் தைத்தார்கள். பழைய எண்ணின் ஊசித் துளைகள் இன்றும் துணியில் தெரியும். இப்படித்தான் பல ஜெர்சிகள் வெளியே வந்தன. கல்லூரிக் களஞ்சியத்திலிருந்து திருடப்பட்டவையும் உண்டு. எனவே பொருள் யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற விவரத்தை எழுத்தில் கேட்பது முறை.

இதில் கசப்பான ஒரு பக்கமும் உள்ளது. அணிந்தவர் நீண்ட காலம் அதை விற்றுப் பணம் பார்க்க முடியவில்லை. 2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன், தாம் அணிந்த ஜெர்சி ஒன்றை 1,000 டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டார். அதே ஆண்டு இறுதியில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக விளையாட்டாளர்கள் ஐவர் தங்களுக்குக் கிடைத்த நினைவுப் பொருள்களை விற்றது தெரியவந்து, ஐந்து ஆட்டத் தடை பெற்றனர். அவர்களின் பயிற்றுநர் ஜிம் டிரெசல் 2011-இல் பதவி விலகினார். அதே காலத்தில் கல்லூரிக் கடைகள் அதே எண் பொறித்த நகல் ஜெர்சிகளைத் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தன. 2021 ஜூலையில்தான் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்க என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது.

பழைய ஜெர்சியை ஏலத்தில் எடுப்பவர் இதை நினைவில் வைப்பது நல்லது. அந்தத் துணியில் வியர்வை சிந்தியவருக்கு ஏலப் பணத்தில் பெரும்பாலும் ஒரு காசும் போவதில்லை. அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் பொருளோடு சேர்த்து வைப்பதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

நம் தட்பவெப்பத்தில் பாதுகாப்பது

நம் ஊரின் ஈரப்பதம் தோலுக்கும் கம்பளிக்கும் பகை. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

• பிளாஸ்டிக் பைக்குள் நீண்ட நாள் கட்டி வைக்காதீர்கள். கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஈரமானி ஒன்றும் வையுங்கள். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது.
• தோலுக்கு எண்ணெயோ பாலிஷோ தடவாதீர்கள். தோல் கறுத்துவிடும், பழைய சாயமும் எழுத்தும் மறையும்.
• தலைக்கவசத்தின் உள்ளே அமிலமற்ற தாளை உருட்டி வைத்தால் வடிவம் கெடாது. நாளிதழ்த் தாள் வேண்டாம், அதில் அமிலமும் மையும் உண்டு.
• ஜெர்சியை மாட்டித் தொங்கவிட்டால் தோள்பட்டை இழுபடும். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள்.
• பாச்சை உருண்டையைப் பிளாஸ்டிக் ஓட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.
• வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பழைய பிளாஸ்டிக் வளைந்து போகும்.
• எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் பழைய தலைக்கவசத்தை அணிந்து ஆடவோ மோட்டார் சைக்கிள் ஓட்டவோ பிள்ளைகளை விடாதீர்கள். அது இன்று எந்தப் பாதுகாப்பும் தராது.

தொடங்குவோருக்கு

முதல் ஆண்டில் எதையும் வாங்காமல் பழைய விலைப் பட்டியல்களையும் ஆண்டு மலர்களையும் பாருங்கள். ஒரு கல்லூரி அல்லது ஒரு பத்தாண்டுக் காலம் என எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் உட்புறப் படம், லேபிள் படம், எடை, கைமாறிய வரலாறு ஆகிய நான்கையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அஞ்சல் செலவையும் வரியையும் சேர்த்த பிறகே ஏலத் தொகையை முடிவு செய்யுங்கள். அமெரிக்கா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அட்லாண்டா நகரில் 2014 முதல் இயங்கும் கல்லூரிக் காற்பந்துப் புகழ் மண்டபத்தைப் பாருங்கள். அங்கே 700-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் தலைக்கவசங்கள் ஒரே சுவரில் அடுக்கப்பட்டுள்ளன.

அமெரிக்கப் பொருள் எதையும் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. தோட்டத்துக் குழுவிலோ பள்ளிக் குழுவிலோ அப்பாவோ தாத்தாவோ அணிந்த காற்பந்து ஜெர்சி ஒன்று வீட்டுப் பெட்டிக்குள் இருக்கலாம். அதைத் துவைக்காதீர்கள், கிழிசலைத் தைக்காதீர்கள். அணிந்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, குழுவாக எடுத்த படம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.